சலவை வண்டியில் ஒரு குடித்தனம்

ஷாஜினிக்கும் கிளிட்டஸுக்கும் கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த எட்டு வருஷத்தில் இருவரும் ஒரு கூரைக்குக் கீழே படுத்து எழுந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம்கூடத் தேறாது. குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் இப்படிச் சொல்லக்கூடிய பெண்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அதனால் யாரும் அதை ஒரு குறையாகப் பேசுவதில்லை. அவர்கள் கேட்பது வேறு. "இன்னும் ஒண்ணும் இல்லியா பிள்ளே?" என்று கேட்டுவிட்டு வயிற்றைப் பார்ப்பார்கள்.

கிளிட்டஸ் முதலில் சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாச லீவு. அந்த இரண்டு மாசத்தில் ஒன்றும் ஆகவில்லையென்றால் அடுத்த இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டியதுதான். நாகர்கோவில் டாக்டரம்மா எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டு, "உங்க ரெண்டு பேருக்கும் ஒரு கோளாறும் இல்லம்மா, சேர்ந்து இருங்க, அது போதும்" என்றார். மருந்து எழுதித் தந்திருந்தால் எப்படியாவது வாங்கியிருப்பார்கள். சேர்ந்து இருப்பதை எந்தக் கடையில் போய் வாங்குவது, சொல்லுங்கள்.

ஷாஜினி நர்ஸ் படிப்பு படித்தவள். அபுதாபியில் ஒரு தனியார் கிளினிக்குக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஏஜெண்டிடம் போனாள். அவர்களுக்குக் கல்யாணம் ஆகாத பெண்கள்தான் வேண்டும். ஏஜெண்ட் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பாஸ்போர்ட்டு கல்யாணத்துக்கு முந்தி எடுத்ததுதானே? பொறவென்ன? ஆகலைன்னு போட்டிருவோம். ரெண்டே வருஷம், கண்ணை மூடித் தொறக்கதுக்குள்ள ஓடிரும்" என்றான். திருவனந்தபுரம் விமான நிலையத்துக் கழிப்பறையில் நின்று அவள் தாலியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். கொஞ்ச மாசத்தில் கிளிட்டஸும் தம்மாமை விட்டுவிட்டு அபுதாபியில் ஒரு மராமத்துக் கம்பெனியில் சேர்ந்தான். ஒரே ஊருக்கு வந்தாயிற்று, இனி என்ன கவலை என்று இரண்டு பேரும் நினைத்தார்கள்.

ஊர் ஒன்றுதான். ஆனால் அவனுக்கு முசஃபா தொழிலாளர் கேம்பில் எட்டு ஆண்களோடு ஒரு ரூம். அவளுக்கு ஆறு பெண்களோடு ஹாஸ்டல், வாசலில் மேட்ரன், ராத்திரி பத்து மணிக்கு ஆளெண்ணிக்கை. லீவு நாளான வெள்ளிக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து கடற்கரைப் பெஞ்சில் நடுவில் ஒரு பையை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். கோயிலில் யாராவது கேட்டால், "எங்க சித்தப்பா மகன், அண்ணன் முறை" என்பாள். தாலி கட்டியவனை அண்ணன் என்று சொன்ன பாவத்தை எந்தச் சாமியாரிடம் போய் அறிக்கையிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பழைய வில்லாக்களில் பலகை வைத்துத் தடுத்த அறைகள் கிடைக்கும்தான். ஆனால் அந்த வருஷம் அப்படிக் குடியிருந்தவர்களை எல்லாம் காலி செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மிச்சம் இருந்த வீடுகளிலும் கிளினிக்கின் டிரைவர்கள் குடியிருந்தார்கள். ஒரு கண் பட்டால் போதும், அவள் வேலை போய்விடும்.

அவளுக்கு முப்பத்தைந்து முடிந்திருந்தது.

இந்த நேரத்தில்தான் முகம்மது சித்தீக் தன் பழைய வேனை விற்கப் போவதாகச் சொன்னார். சித்தீக் கீழக்கரைக்காரர், சலவைக் கடை நடத்துகிறவர், கடைக்கு ஏசி மாட்டப் போன நாளிலிருந்து கிளிட்டஸுக்குச் சிநேகம். வேனின் இரண்டு பக்கமும் இஸ்திரி போட்ட ஒரு சட்டையின் படமும் கடையின் பேரும் அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தன. பின்பக்கம் ஜன்னலே கிடையாது. துணிகளில் தூசி படாமல் இருக்க மூடிய தகரக் கூடு.

கிளிட்டஸ் வேனைச் சுற்றி மூன்று தடவை வந்தான். பிறகு, "அண்ணே, இத விக்காண்டாம். ரெஜிஸ்ட்ரேசன் முடியுத வரைக்கும் எனக்குத் தாங்க" என்றான்.

"என்னா, லாண்டரி வைக்கப் போறியா? எனக்குப் போட்டியா?"

"இல்லண்ணே. குடியிருக்க."

சித்தீக்குக்கு விவரம் தெரியும். தாடியைத் தடவியபடி, "எழுத்த மட்டும் அழிச்சிராத. லாண்டரி வண்டி எங்க நின்னாலும் எவனும் என்னான்னு கேக்க மாட்டான்" என்று சாவியைக் கொடுத்தார்.

ஒன்றரை மாசம் ஆனது. கம்பெனி யார்டுக்குப் பின்னால் நிறுத்தி, டூட்டி முடிந்த வேளைகளில் கிளிட்டஸ் தன்னந்தனியாக அதை வீடாக்கினான். ஏசி குழாய்களுக்குச் சுற்றுகிற வெள்ளி முலாம் போட்ட பஞ்சு மிச்சம் கிடந்ததை எடுத்துக் கூரையிலும் சுவரிலும் திணித்து, மேலே பெட்டிப் பலகைகளை இழைத்து அறைந்தான். பலகைகளில் ஏதோ ஒரு கம்பெனியின் அம்புக்குறியும் 'இந்தப் பக்கம் மேலே' என்ற எழுத்தும் இருந்தன. அம்பு கீழே பார்க்கும்படி ஒரு பலகையைத் தலைகீழாக அடித்துவிட்டான் என்று பிற்பாடு ஷாஜினி கேலி செய்தாள். உயரமான பெட்டி மாதிரி ஒரு கட்டில், அடியில் துணிமணி. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இரண்டு அடுக்குக் கறுப்புத் திரை. கூரையில் சின்னதாக ஒரு காற்றுப்போக்கி. வெளியிலிருந்து பார்த்தால் எல்லா வேனிலும் இருப்பது மாதிரியே இருக்கும். பேட்டரியில் ஓடும் விசிறி ஒன்று. எல்லாம் முடிந்து அவளைக் கூட்டிவந்து கதவைத் திறந்து காட்டினான்.

"இஞ்ச பாரு பிள்ளே. இத வீடுன்னு சொல்லலாமா?"

"சொல்லலாம். அடுக்களை எங்க?"

"அடுக்களை கிடையாது. நீ ஒரு நாள் மீன் பொரிச்சா மணம் எட்டு பில்டிங்குக்குப் போவும். பொறவு சட்டிய எடுத்துக்கிட்டு எல்லாரும் வந்து வரிசையில நிப்பான்."

புது வீடு மந்திரிக்காமல் குடிபோக அவளுக்கு மனசில்லை. சாமியாரைக் கூப்பிட முடியாது. கோயிலிலிருந்து ஒரு சின்னக் குப்பியில் தீர்த்தம் கொண்டுவந்து நாலு மூலையிலும் அவளே தெளித்தாள். மாதா படத்தை ஆணியில் மாட்டினாள். படத்துக்குப் பின்னால் ஒரு உறையில் கல்யாணச் சான்றிதழை வைத்தாள். குடும்ப விசா எடுக்கும்போது வேண்டும் என்று கிளிட்டஸ் முன்பே முத்திரையெல்லாம் வாங்கி வைத்திருந்த காகிதம் அது. ஜூன் மாசம் அவனுக்கு ஃபோர்மேன் வேலை தருவதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள், அந்தச் சம்பளம் இருந்தால்தான் குடும்ப விசா தருவார்கள். அவளுடைய ஒப்பந்தமும் ஜூனில் முடிகிறது. அவள் ஊருக்குப் போய், அவனுடைய மனைவி என்று முறையாகத் திரும்பி வரலாம். அதுவரைக்கும் இந்தத் தகரக் கூடு.

அவர்களுடைய குடித்தனம் பகலில் நடந்தது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ராத்திரி ஹாஸ்டலில் ஆளெண்ணுவார்கள், ஆனால் நைட் டூட்டிப் பெண்கள் பகலில் எங்கே தூங்குகிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. எல்லோரும் பயந்து ஓடும் நைட் டூட்டியை ஷாஜினி தானாகவே கேட்டு வாங்கினாள். "ஹாஸ்டல்ல சத்தம் மேடம், பகல்ல எங்க சித்தி வீட்ல போய்ப் படுத்துக்கிடுதேன்" என்று மேட்ரனிடம் சொல்லிவைத்தாள். கிளிட்டஸும் கடைவளாகம் மூடிய பிறகு ஏசி பார்க்கும் ராத்திரி வேலைக்கு மாறிக்கொண்டான். காலை எட்டு மணிக்கு, கிளினிக்கிலிருந்து இரண்டு தெரு தள்ளி, பழைய கட்டடங்களுக்குப் பின்னால் இருக்கும் மணல் மைதானத்தில் வேன் நிற்கும். அவள் கையில் ஒரு துணி மூட்டையோடு வருவாள். பார்ப்பவர்களுக்கு, யாரோ ஒரு பெண் சலவைக்குத் துணி போடப் போகிறாள். பக்கவாட்டுக் கதவு ஒரு ஆள் நுழையும் அளவு திறந்து மூடிக்கொள்ளும். உள்ளே ஏறியதும் முதல் வேலையாக ஆணியில் தொங்கும் தாலியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வாள். வெளியே மதிய வெயில் கொளுத்தும், உள்ளே அவர்களுக்கு ராத்திரி. மெதுவாகப் பேச வேண்டும், சிரிப்பு வந்தால் தலையணையைக் கடித்துக்கொள்ள வேண்டும், இருமல் வந்தால் துணியைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு விஷயம்தான் அவளுக்குப் பழகவில்லை. முதல் நாள் ஏறும்போதே செருப்பை வெளியில் கழற்றிவிட்டு ஏறினாள். வீட்டுக்குள் யாராவது செருப்போடு போவார்களா? கிளிட்டஸ் பார்க்கவில்லை. வேனை எடுத்துக்கொண்டு இருவரும் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் மணலில் ஒரு செருப்பு மட்டும் கிடந்தது. இன்னொன்றை நாய் தூக்கிப் போயிருந்தது.

"இஞ்ச பாரு, நீ வாசல்ல செருப்பு போட்டா, உள்ள ஆள் இருக்குன்னு போர்டு எழுதி வச்ச மாதிரி."

"மாதா படம் இருக்க எடத்துல செருப்போட எப்பிடிங்க ஏறது? காலு கேக்க மாட்டேங்குது."

மறுநாளே கதவுக்கு உட்புறம், படியை ஒட்டி, ஒரு சாண் அகலத்தில் சரிவாகப் பலகை அடித்தான். ஒரு காலை வெளியே ஊன்றியபடியே மற்றச் செருப்பைக் கழற்றி அதில் வைத்துவிட்டு ஏற வேண்டும். ஒரு வாரம் அவளைத் தினமும் கேட்டான். "செருப்பு?" "உள்ள." "செருப்பு?" "உள்ளதான் சாமி, கோயில் மணி மாதிரி அடிக்காதீங்க."

சிரித்த நாட்களும் இருந்தன. ஒரு நாள் மதியம் கதவு தட்டப்பட்டது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். தட்டுவது நிற்கவில்லை. கிளிட்டஸ் முன்பக்கம் வழியாக இறங்கிப் போய்ப் பார்த்தால், ஒரு சூடான்காரப் பெரியவர், கையில் மூன்று வெள்ளை அங்கிகள், நாளை மறுநாள் கல்யாணத்துக்கு வேண்டுமாம். வேறு வழியில்லாமல் வாங்கி, சித்தீக் கடையில் வெளுத்துக் கொடுத்தான். அதற்குப் பிறகு அந்த மைதானத்துக்கு நல்ல சலவைக்காரன் வருகிறான் என்று பேர் பரவிவிட்டது.

"என் கடையில வருஷக்கணக்கா நான் பிடிக்காத வாடிக்கைய நீ தூங்கிக்கிட்டே பிடிக்கிறியே, மாஷா அல்லாஹ்" என்றார் சித்தீக். "பேசாம ஏசி வேலைய விட்டுட்டு எங்கிட்ட வந்திரு."

நவம்பர், டிசம்பர், ஜனவரி. எட்டு வருஷத்தில் கிடைக்காத மூன்று மாசம். அவன் தூக்கத்தில் பல்லைக் கடிப்பான் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. அவள் கோபம் வந்தால் பேசாமல் துணி மடிப்பாள் என்பது அவனுக்கும் இப்போதுதான் தெரிந்தது. ஒரு நாள் உப்புச்சப்பில்லாத எதற்கோ சண்டை போட்டு, பேசாமல் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டு, சாயங்காலம் சமாதானமானார்கள். டூட்டிக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சண்டை போடுவதற்கும் ஒரு வீடு வேண்டுமே.

பிப்ரவரியில் நாள் தள்ளிப்போனது. யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வாரம் பொறுத்து, ஒரு வியாழக்கிழமை ராத்திரி டூட்டியில், லேபில் இருக்கும் விஜியிடம் மட்டும் போய் நின்றாள். விஜி திருவாரூர்ப் பெண், ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில். விவரம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். பத்து நிமிஷம் கழித்து விஜி வெளியே வந்து ஷாஜினியின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கிள்ளினாள். "அக்கா, பேர்ல யாரோ ஒரு மரியதாஸ்னு போட்டிருக்கேன். ஆம்பளைக்கு பாசிட்டிவ் வந்திருக்குன்னு டாக்டர் பார்த்தா மயங்கி விழுந்திடுவார். கிழிச்சுப் போட்டுடு."

வெள்ளிக்கிழமை காலை பூசை முடிந்து வேனில் ஏறி, தாலியைப் போட்டுக்கொண்டு, அவனிடம் சொன்னாள். கத்தக் கூடாது அல்லவா. கிளிட்டஸ் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறானா அழுகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. தலையை நிமிர்த்தியபோது மூக்கு சிவந்திருந்தது.

"நீ எதுவும் சாப்பிட்டியா?"

"இல்ல."

"இரு. அனங்காத. படுத்துக்கிடு. நான் போயிட்டு வாரேன்."

அரைமணி நேரத்தில் இரண்டு கையும் நிறையப் பொட்டலங்களோடு வந்தான். பிரியாணி, மீன் குழம்பு, பாயசம், மாதுளம்பழம், பால். கையால் கதவைத் திறக்க முடியாமல் முழங்கையால் தள்ளி, உள்ளே தாவி ஏறி, முதுகால் சாத்தினான். மீன் குழம்பு மணத்துக்கு என்ன செய்வது என்று அவள் கேட்டதற்கு, "இன்னிக்கு மணக்கட்டும்" என்றான். ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். அவள் வயிற்றின்மேல் கையை வைத்தபடியே அவன் தூங்கிப்போனான். அவளும் கண்ணை மூடினாள். அன்று அவன் செருப்பைப் பற்றிக் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஜும்மா தொழுகை முடிந்து மைதானத்திலிருந்து கார்கள் எல்லாம் போய்விட்ட நேரம். கேட்பாரில்லாமல் கிடக்கும் பழைய வண்டிகளில் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டு நகரசபை இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். வெள்ளை அங்கி போட்ட இளவயது அரபி. சலவை வண்டியை அவர் தாண்டித்தான் போயிருப்பார். ஆனால் மூடிய கதவுக்கு முன்னால் மணலில் ஒரு ஜோடி ஆண் செருப்பு கிடந்தது. கோயிலுக்காக வாங்கிய புதுச் செருப்பு. வண்டிக்குள் ஏறும்போது செருப்பைக் கழற்றுகிறவன் எவனும் உண்டா என்று அவர் யோசித்திருக்க வேண்டும். நின்றார். மீன் குழம்பின் மணமும் மூக்கில் ஏறியிருக்கும். பிறகு தட்டினார்.

யாரோ சலவைக்குத் துணி கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்து கிளிட்டஸ் அசைவில்லாமல் கிடந்தான். இரண்டாம் முறை தட்டியபோது, "பலதியா, திறவுங்கள்" என்று இந்தியில் குரல் வந்தது. பலதியா என்றால் நகரசபை. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அந்த ஒரு அரபிச் சொல்லாவது தெரியும்.

கதவைத் திறந்தான். வெயில் ஒரே வீச்சில் உள்ளே புகுந்தது. கட்டில், மெத்தை, எச்சில் தட்டு, மாதா படம், மூலையில் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு பெண். எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தன. கிளிட்டஸின் கண் கீழே மணலுக்குப் போனது. தன் செருப்பைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை ஷாஜினி பார்த்தாள்.

"இந்தப் பெண் யார்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். குரலில் கோபம் இல்லை. ஆனால் கை செல்போனை எடுத்துவிட்டது.

கிளிட்டஸ் திரும்பாமலே, உதடு அசையாமல் தமிழில் சொன்னான். "அண்ணன் தங்கச்சின்னு சொல்லு."

"ஒரே மெத்தையிலயா?"

"அந்தக் காயிதத்த எடுக்காத பிள்ளே. எடுத்தா கிளினிக்குக்குப் போயிரும். எல்லாம் போயிரும்."

அவளுக்கு அது தெரியாதா? மனைவி என்று காட்டினால் வேலை போகும், பொய் எழுதிக்கொடுத்தாள் என்று தடை விழும், ஜூன் வரை கட்டிவைத்த கோட்டை சரியும். காட்டாவிட்டால் கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் மூடிய வண்டிக்குள். இரண்டு பேரையும் போலீஸ் ஜீப் கூட்டிப் போகும். வயிற்றில் இருப்பதற்கு அந்த ஊரில் தகப்பன் பேர் இருக்காது. அவள் கை தானாகவே வயிற்றுக்குப் போனது. அங்கே ஒருவர் இருக்கும்போது யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? எழுந்து மாதா படத்தைத் தூக்கி உறையை எடுத்து நீட்டினாள்.

"என் வீட்டுக்காரர்" என்றாள். அந்த ஊரில் வெளியாள் ஒருவரிடம் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இன்ஸ்பெக்டர் வெயிலில் நின்று இரண்டு பக்கமும் படித்தார். முத்திரைகளை விரலால் தடவிப் பார்த்தார். செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டார். பிறகு தலையை உள்ளே நீட்டி, பலகைச் சுவர், விசிறி, மடித்து வைத்த துணிகள் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, "ஹாதா பைத்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். இது வீடு.

போலீஸ் வேண்டாம் என்றார். வண்டிக்கு அபராதம், இன்றைக்கே இங்கிருந்து எடுத்துவிட வேண்டும். அப்புறம் படிவத்தில் இரண்டு பேருடைய விசா விவரமும் எழுத வேண்டும், வேலை கொடுத்தவர்களுக்குத் தகவல் போகும். ஷாஜினி கைகூப்பினாள். கிளினிக்குக்கு மட்டும் வேண்டாம் என்று தெரிந்த இந்தியில் கெஞ்சினாள். அவர் படிவத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். அதில் அதற்கென்றே ஒரு கட்டம் அச்சடித்திருந்தது. "சிஸ்டர், நான் எழுதாவிட்டால் என்னைக் கேட்பார்கள்" என்றார். போகும்போது கிளிட்டஸின் செருப்பை அவரே காலால் ஒதுக்கிப் படிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

கிளிட்டஸ் வண்டியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "ஒன்ன எத்தன நாள் ஏசினேன்" என்றான். "என் காலு. என் காலே."

"சந்தோசத்துல கழட்டினீங்க. அதுக்கு என்ன இப்பம்?" என்றாள் அவள். 

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. கிளினிக்கில் கத்தவில்லை. கல்யாணமாகவில்லை என்று நீ எழுதிய காகிதம் இது, ஆகிவிட்டது என்று சொல்லும் காகிதம் இது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். விசாவை ரத்து செய்ய இரண்டு வாரம் ஆகும், அதுவரை ஹாஸ்டலை விட்டு வெளியே போகக் கூடாது. ஒரு வருஷத்துக்குத் திரும்ப வர முடியாது. கிளிட்டஸுக்கு ஃபோர்மேன் வேலை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஆனது. அவன் ஒவ்வொரு நாளும் விஜியின் போனில் கூப்பிடுவான். சாப்பிட்டியா, மாடிப்படி ஏறாத, தண்ணிக் கேன் தூக்காத. ஒன்றும் பேசுவதற்கு இல்லாதபோது, "அது என்ன செய்யுது?" என்பான். அது என்றால் பிள்ளை.

ஒன்பதாம் நாள் மத்தியானம் ஷாஜினிக்கு அடிவயிறு இழுத்துப் பிடித்தது. குளியலறைக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை. விஜி கதவை உடைக்காத குறையாகத் தட்டித் திறக்கவைத்தாள். நர்ஸுக்குத் தெரியாததா? ரத்தத்தைப் பார்த்ததுமே ஷாஜினிக்குத் தெரிந்துவிட்டது, கரு கலைந்துவிட்டதென்று. விஜி அவளைக் கழுவி, துணி மாற்றி, படுக்கவைத்தாள். அத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசாத மேட்ரன் ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டு, அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்குச் சாயங்காலமும் போன் அடித்தது.

"அக்கா, நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம் விஜி. போன்ல வேண்டாம். ஏர்போர்ட்டுக்கு வருவாருல்லா. நேர்ல நானே சொல்லுதேன்." போனை வாங்கிக் காதில் வைத்தாள். "சாப்பிட்டேங்க" என்றாள்.

பயண நாள் வந்தது. பகல் விமானம். பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு கிளினிக்கின் ஆள் நேராக விமான நிலையத்துக்கு வருவான், அவளைக் கணவன் கூட்டிவரலாம் என்று அனுமதித்தார்கள். அபராதம் கட்டிய அந்தச் சலவை வண்டியையே கிளிட்டஸ் கொண்டுவந்தான். அவள் முன்சீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் துணி மூட்டையோடு ஒளிந்து ஏறிய வண்டியில், பட்டப்பகலில், கழுத்தில் தாலி வெளியே தெரிய, பெரிய சாலையில் போனாள். இப்போது யாருக்கு ஒளிக்க வேண்டும்? சிக்னலில் பக்கத்துக் காரில் இருந்த ஒரு மலையாளத்துப் பாட்டி அவர்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தாள்.

வழி முழுக்க அவளுக்குள் ஒரே வாக்கியம்தான் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பாலம் தாண்டியதும் சொல்லிவிடலாம். அந்த வளைவு வரட்டும், சொல்லிவிடலாம். ஆனால் அவன் பேச்சை நிறுத்தவில்லை.

"பலகை எல்லாம் சித்தீக் அண்ணன் கடை மாடியில அடுக்கிப் போடலாம்னு சொன்னாரு. ஒரு வருசம்தானே. பொறவு ஃபோர்மேன் ஆயிட்டா நல்ல ரூம்பு எடுத்திரலாம், ஜன்னல் வச்சது. பிள்ளைக்கி வெளிச்சம் வேணுமில்லா? பயலா இருந்தா எங்க அப்பா பேரு. பொண்ணா இருந்தா நீ வச்சிக்க, நான் வாயத் தொறக்க மாட்டேன்." சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். "ராத்திரி படுத்தா செருப்புதான் கண்ணுல வருது பிள்ளே. பைத்தியம் பிடிச்சிரும் போல இருக்கும். அப்பம் இத நெனைச்சுக்கிடுவேன். எல்லாம் போனாலும் வந்த காரியம் கையில இருக்குல்லா. இது மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன்னு தெரியாது."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விமான நிலைய வாசலில் கிளினிக்கின் ஆள் பாஸ்போர்ட்டோடு நின்றுகொண்டிருந்தான். கடிகாரத்தைப் பார்த்து, "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தினான். கிளிட்டஸ் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தான். தீப்பெட்டி அளவுக்குத்தான் இருக்கும், மேலே கண்ணாடி மூடி, உள்ளே சிவந்த இழைகள்.

"ஈரான்காரன் கடையில வாங்கினது. அசல் குங்குமப்பூ. ராத்திரி பாலில ரெண்டு இழை போட்டுக் குடிக்கணுமாம். மறந்திராத."

அவள் வாங்கிக்கொண்டாள். அந்த டப்பாவுக்கு ஒரு எடையும் இல்லை.

"இஞ்ச பாருங்க" என்றாள்.

"என்ன?"

இந்த இரண்டு வாரத்தில் அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அந்தக் கண்ணில் மட்டும், டப்பாவைப் பார்க்கும்போது, கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. சொன்னால் அதுவும் அணையும். அணைந்த பிறகு அவன் தனியாக அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு கேம்புக்குத் திரும்பிப் போக வேண்டும். பலகைகளைத் தனியாகக் கழற்ற வேண்டும். எட்டு ஆண்கள் இருக்கும் ரூமில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுக்க வேண்டும். ஊருக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு வாரம் கழித்து, அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனில் சொன்னால் என்ன? சித்தீக் அண்ணனை முதலில் அவன் பக்கத்தில் போய் உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னால் என்ன?

"என்ன பிள்ளே? சொல்லு."

"நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றாள்.

"கலாஸ், போதும், வா" என்று பாஸ்போர்ட்டுக்காரன் கூப்பிட்டான். அவள் உள்ளே போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிளிட்டஸ் வந்து நின்றான். அவன் சொல்வது கேட்கவில்லை. ஒரு கையால் டம்ளரைப் பிடிப்பது போலக் காட்டி, மற்றக் கையின் இரண்டு விரலால் எதையோ கிள்ளி அதில் போட்டு, குடிப்பது மாதிரி செய்து காட்டினான். மறந்துவிடுவாளோ என்று திரும்பத் திரும்பச் செய்து காட்டினான்.

ஷாஜினி சரி என்று தலையாட்டினாள். வரிசை நகர்ந்து ஒரு தூண் அவனை மறைக்கும்வரை ஆட்டிக்கொண்டே போனாள்.